ஐந்தாவது பார்வையாளர்

நான்கு பேர் தேறிவிட்டார்கள். ஐந்தாவது ஆளுக்குத்தான் பஞ்சமாக இருந்தது.

அருங்காட்சியகப் பொறுப்பாளர் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஏறி இறங்கிவிட்டார். மருந்துக் கடைக்காரர் கடையை விட்டு நகர முடியாது என்றார். முடிதிருத்துபவர் பாதி வெட்டிய தலை ஒன்றைக் காட்டி, இவரை இப்படியே தெருவில் விட்டுவிட்டு வரட்டுமா என்று கேட்டார். அடுத்த வீட்டுக்காரர் மட்டும் மனதில் இருந்ததை மறைக்காமல் சொன்னார்.

"பத்தொன்பது வருஷமா பக்கத்துலயே இருக்கேன். ஒரு நாளும் உள்ள வந்ததில்ல. இப்ப திடீர்னு வந்தா உங்க மியூசியமே பயந்துடும்."

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தப் பயிற்சிதான்.

சின்ன ஊர்களின் அருங்காட்சியகங்களில் வேலை பார்க்கிறவர்களுக்காகத் தலைமை அலுவலகம் நான்கு நாள் பயிற்சி நடத்தியது. பன்னிரண்டு ஊர்களிலிருந்து பன்னிரண்டு பேர் போனார்கள். எல்லோரும் நம் பொறுப்பாளரைப் போலத்தான். தாங்களே கதவைத் திறந்து, தாங்களே பெருக்கி, விளக்கம் சொல்லத் தயாராக நின்று, கேட்க ஆள் இல்லாமல் தாங்களே பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள்.

பயிற்சி கொடுத்த அம்மாள் மிகவும் கண்டிப்பானவர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தாரென்றால் வளைந்த ஆணிகூட நிமிர்ந்து நிற்கும். ஆனால் சொல்லிக் கொடுத்தது அத்தனையும் தங்கம். பழைய பானையைக் காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. கைக்குழந்தையைத் தூக்குவது போல அடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். உள்ளே வருகிறவரிடம் சொல்லும் முதல் வார்த்தை 'தொடாதீங்க' என்று இருக்கக் கூடாது. 'வாங்க' என்று இருக்க வேண்டும். அவரிடம் ஒன்று கேட்டால், மனதுக்குள் பத்து எண்ணும் வரை பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். பொறுப்பாளர் ஒன்று விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டார். 'பத்து' என்பதன் கீழே இரண்டு கோடு போட்டார்.

நான்காம் நாள் சாயங்காலம் அம்மாள் தலையில் கல்லைப் போட்டார். ஒரு நாளைக்கு இரண்டு ஊர் வீதம் நேரில் வந்து செய்முறைத் தேர்வு வைக்கப் போகிறாராம். குறைந்தது ஐந்து பார்வையாளர்களுக்கு அருங்காட்சியகத்தைச் சுற்றிக் காட்ட வேண்டும். அவர்கள் ஊழியருக்கு உறவாகவோ பழக்கமானவராகவோ இருக்கக் கூடாது. ஓர் ஆள் குறைந்தாலும் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாத இடத்தைப் பூட்டிவிட்டுப் பொருள்களைத் தலைமை அலுவலகக் கிடங்குக்கு ஏற்றிவிடுவார்கள்.

பன்னிரண்டு முகங்களும் வெளுத்துப் போயின. பின்வரிசையில் இருந்தவர் மெல்லச் சொன்னார்.

"எங்க மியூசியத்துக்குப் போன மாசம் மொத்தம் மூணு பேர் வந்தாங்க. அதுல ரெண்டு பேர் மழைக்கு ஒதுங்கினவங்க."

பொறுப்பாளருக்குப் பிழைப்பு போய்விடும் என்ற பயம் இல்லை. நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் அவருக்கு ஒரு நாற்காலி நிச்சயம் உண்டு. கவலை வேறு. அந்த இரண்டு அறைகளிலும் இருந்த ஒவ்வொரு பொருளும் அவரே ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, கெஞ்சி, தோளில் சுமந்து கொண்டுவந்தது. பத்திரமாகப் பார்த்துக்கொள்வேன் என்று ஒவ்வொரு வீட்டிலும் வாக்குக் கொடுத்திருந்தார். கிடங்குக்குப் போனால் அவை இருட்டில் கிடக்கும். அந்த வீட்டு மனிதர்களைத் தெருவில் பார்க்கும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

நல்ல மனிதர்கள் பொய் சொல்லத் துணிந்தால் அதையும் நாலு பேரைக் கூட்டி, பட்டியல் போட்டு, ஒழுங்காகச் செய்யப் பார்ப்பார்கள். அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

அவர் திரட்டிய நான்கு பேர்: மனைவி, மனைவியின் தம்பி, எதிர்க்கடைத் தையல்காரர், ஓய்வு பெற்ற தபால்காரர்.

மனைவியைச் சம்மதிக்க வைப்பதுதான் சிரமமாக இருந்தது.

"உங்களைத் தெரியாதவ மாதிரி நான் நடிக்கணுமா?"

"ஒரு மணி நேரம்தான்."

"ஒரு மணி நேரம் என்ன, இந்த இருபத்தாறு வருஷத்துல பல நாள் எனக்கு அப்படித்தான் இருந்திருக்கு" என்று சொல்லிவிட்டு ஒப்புக்கொண்டாள்.

அவளை அழைத்துப் போவதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அவள் அந்த அருங்காட்சியகத்துக்குள் கால் வைத்ததே இல்லை. தூசி ஆகாது, படி வழுக்கும், பல்லி நடமாட்டம் என்று ஏதாவது சொல்லி அவரே தடுத்து வைத்திருந்தார். பத்தொன்பது வருடங்களுக்கு முன்பு, அருங்காட்சியகம் வெறும் சுவராக இருந்த நாளில், காலமாகிவிட்ட மாமியாரின் தையல் மெஷினை ரிப்பேருக்கு என்று வீட்டிலிருந்து தூக்கிப் போனவர், அதை அங்கே ஒரு மூலையில் காட்சிக்கு வைத்துவிட்டார். ரிப்பேர்க் கடைக்காரன் கடையை மூடிவிட்டு ஊரை விட்டே ஓடிவிட்டான் என்று வீட்டில் ஒரு கதை. இல்லாத அந்தக் கடைக்காரனை மனைவி இன்றைக்கும் மாதம் ஒரு முறையாவது திட்டிக்கொண்டிருந்தாள்.

மெஷின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடிவிட்டால் ஆயிற்று என்று பொறுப்பாளர் முடிவு செய்தார்.

அடுத்த ஏற்பாடு, கேள்விச் சீட்டு. பார்வையாளர்கள் ஆர்வமாகக் கேள்வி கேட்டால் தனி மதிப்பெண் உண்டு என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நான்கு பேருக்கும் ஆளுக்கொரு கேள்வி எழுதிக் கொடுத்தார். சுவரோரமாக வரிசையில் இருந்த பொருள்களை எண்ணி, முதல் பொருளிடம் மைத்துனன், இரண்டாவதில் தையல்காரர், மூன்றாவதில் தபால்காரர், நான்காவதில் மனைவி என்று பிரித்துவிட்டார். நால்வரும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

தேர்வு நாள் காலையில் கடைசியாக ஒரு தடவை நோட்டைப் புரட்டியபோது ஒரு வரி கண்ணில் குத்தியது. 'பொருள்களை வந்த தேதிப்படி அடுக்காதீர்கள். ஒரு கதை சொல்வது போல அடுக்குங்கள்.'

அவருடைய பொருள்கள் வந்த தேதிப்படிதான் இருந்தன. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பலகை, பேண்டு வாத்தியக் குழுவின் பித்தளைக் குழல், மருத்துவச்சியின் குழந்தை எடைத் தராசு, பழைய ஆஸ்பத்திரியின் ஸ்ட்ரெச்சர், காலால் மிதித்துச் சுற்றும் பல் டாக்டர் மெஷின் என்று ஒன்றுக்கொன்று ஒட்டு இல்லாமல். மணி ஏழு. வேட்டியை மடித்துக் கட்டினார். 'மனித உடலின் கதை' என்று மனதுக்குள் தலைப்புப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் இழுத்து மாற்றினார். முதலில் பிறப்பு, அதனால் தராசு. அடுத்து பல் வலி. அடுத்து நோய், அதனால் ஸ்ட்ரெச்சர். பிறகு மூச்சுக்குக் குழல், குரலுக்கு டெலிபோன். ஒன்பதரை மணிக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது மனம் நிறைந்திருந்தது.

சீட்டுகளின் ஞாபகம் அவருக்குத் துளியும் வரவில்லை.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. நான்கு பேரும் ஒருவரையொருவர் தெரியாதவர்களாக வாசலில் நின்றார்கள். ஐந்தாவது ஆள் இல்லை. பொறுப்பாளர் கண்ணை மூடி, "கடவுளே, ஒரே ஒரு ஆள். மழையாவது பெய்யட்டும்" என்று வேண்டிக்கொண்டார்.

கண்ணைத் திறந்தபோது எதிரே கட்டம் போட்ட சட்டையில் ஒரு பருத்த மனிதர் நின்றிருந்தார். கையில் ஒரு துணிப்பை.

"வழி கேக்க வந்தீங்களா?" என்றார் பொறுப்பாளர்.

"இல்லைங்க. பார்க்கலாம்னு."

"எதை?"

"மியூசியத்தைத்தான்."

பொறுப்பாளர் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டார். பிறகு தன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தார். அவர் இதையெல்லாம் கூச்சத்தோடு வாங்கிக்கொண்டார்.

சரியாகப் பத்து மணிக்கு அலுவலக வேன் வந்து நின்றது. பயிற்சியாளர் அம்மாள் தடிமனான ஃபைலோடு இறங்கினார். வாசலில் நின்றவர்களை எண்ணினார். நேராகத் தபால்காரரிடம் வந்தார். தபால்காரர் வெளியூர்க்காரராகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கையில் ஒரு பெட்டியோடு வந்திருந்தார். எந்த ஊர் என்று கேட்டதும் வாயில் வந்த ஒரு ஊரைச் சொன்னார். அது பயிற்சியாளர் பிறந்த ஊராக இருந்து தொலைத்தது. எந்தத் தெரு என்று அவர் ஆசையாகக் கேட்டார்.

"தெரு டக்குனு ஞாபகம் வரலைங்க. பின்கோடு வேணா சொல்றேன்" என்றார் தபால்காரர்.

பயிற்சியாளர் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். ஃபைலில் ஏதோ எழுதினார்.

சுற்றிக் காட்டல் ஆரம்பமானது. "வாங்க" என்று சொல்லி, எல்லோரையும் தராசுக்கு முன்னால் நிறுத்தினார் பொறுப்பாளர். முதல் பொருள். மைத்துனன் மோட்டார் கடையில் வேலை செய்கிறவன், துணிச்சல்காரன். தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தான்.

"ஐயா, ஒரு சந்தேகம். இதுல ஒரே நேரத்துல எத்தனை பேர் பேசலாம்?"

எல்லோரும் குழந்தைத் தராசைப் பார்த்தார்கள். பொறுப்பாளருக்கு அப்போதுதான் சீட்டுகள் ஞாபகம் வந்தன.

"இரட்டைக் குழந்தைன்னா ரெண்டு பேர் அழலாம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. செக் சட்டைக்காரர். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கியதும் அவரே, "இதை வெச்சிருந்த மருத்துவச்சி எப்படிப்பட்டவங்க?" என்று கேட்டார்.

தாகத்தில் இருப்பவனுக்குத் தண்ணீர் கிடைத்தது போல அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார் பொறுப்பாளர். அந்த மருத்துவச்சி கெட்டிக்காரி. குழந்தையின் எடை கொஞ்சம் குறைவாக இருந்தால், தாயின் மனம் உடைந்துவிடக் கூடாதே என்று, யாருக்கும் தெரியாமல் தட்டின் ஓரத்தில் சுண்டு விரலை வைத்து அழுத்துவாராம். பிறகு அந்த வீட்டுக்கு மட்டும் தினம் இரண்டு தடவை நடந்து போய்ப் பார்த்துக்கொள்வாராம். குழந்தை தேறிய பிறகுதான் விரல் சங்கதியைச் சொல்வாராம்.

பயிற்சியாளரின் பேனா ஒரு நொடி நின்று, மறுபடி ஓடியது.

அடுத்தது பல் டாக்டர் மெஷின். பொறுப்பாளர் தையல்காரரைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டினார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தையல்காரர் அதை 'ஆரம்பியுங்கள்' என்று எடுத்துக்கொண்டார்.

"இதைப் புதுசா வாயில வைக்கிறவங்களுக்கு முதல்ல என்ன சத்தம் வரும்?"

பித்தளைக் குழலுக்காக எழுதிய கேள்வி. ஆனாலும் இந்த இடத்துக்கும் அது ஒரு மாதிரி பொருந்தத்தான் செய்தது. அலறல்தான் வரும் என்றார் செக் சட்டைக்காரர். அதை நம்பித் தைரியமடைந்த தபால்காரர், மூன்றாவது பொருள் வந்ததும் காத்திருக்கவே இல்லை. ஸ்ட்ரெச்சருக்கு முன்னால் நின்று, முகமெல்லாம் பல்லாகக் கேட்டார்.

"இதுல படுத்தவங்க எல்லாம் இப்ப எப்படி இருக்காங்க? நல்லா வளர்ந்திருப்பாங்களே?"

செக் சட்டைக்காரர்கூட இந்தத் தடவை கூரையைப் பார்த்தார். நல்ல வேளையாகப் பயிற்சியாளரின் கவனம் வேறு பக்கம் போனது. அதுவே கெட்ட வேளையும் ஆயிற்று. அவர் மூலையைக் காட்டினார்.

"அது என்ன, போர்வை போட்டு மூடி வெச்சிருக்கு?"

"அது... பராமரிப்புல இருக்குங்க, மேடம்."

"பராமரிப்புல இருக்கிற பொருளைப் பார்வையாளருக்கு எப்படி விளக்கணும்னு மூணாம் நாள் சொல்லிக் குடுத்தேன். எங்க, விளக்குங்க பார்க்கலாம்."

பொறுப்பாளர் போர்வையின் ஒரு நுனியை மட்டும் தூக்கினார். முழுசாக எடுக்கச் சொன்னார் பயிற்சியாளர். எடுத்தார்.

மனைவி கையில் இருந்த சீட்டை மடித்தாள். இன்னும் ஒரு தடவை மடித்தாள். பிறகு மெஷினுக்கு அருகில் போய், சக்கரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"என்னங்க" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையை உலகத்தில் எந்தப் பெண்ணும் முன்பின் தெரியாத மனிதரிடம் அப்படிச் சொல்ல மாட்டாள். பயிற்சியில் படித்த பழக்கம் பொறுப்பாளரைக் கைவிடவில்லை. உதடுகள் தாமாகவே எண்ணத் தொடங்கின. பதற்றத்தில் சத்தமாகவே எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு..."

"எண்ணாதீங்க. ரிப்பேர் கடைக்காரன் ஓடிட்டான்னு சொன்னீங்களே, அவன் எங்க?"

"அக்கா, நமக்கு இவரைத் தெரியாது, ஞாபகம் இருக்கா?" என்று மைத்துனன் அறை முழுக்கக் கேட்கும்படி ரகசியம் சொன்னான்.

"நீ சும்மா இரு" என்றாள் அக்கா. "பத்தொன்பது வருஷமா இல்லாத ஒருத்தனைத் திட்டியிருக்கேன். அந்தப் பாவம் யாருக்கு?"

அப்போது அவள் பார்வை மெஷினின் அருகில் இருந்த அட்டையில் விழுந்தது. பொறுப்பாளர் தன் கையாலேயே, தன்னுடைய மிக நல்ல எழுத்தில் எழுதிய அட்டை. மேலே அவள் அம்மாவின் பெயர். கீழே, கணவனை இழந்த நாற்பத்தேழு பெண்களுக்கு இந்த மெஷினில் தையல் சொல்லிக் கொடுத்தவர் என்றும், அதற்காக யாரிடமும் எதுவும் வாங்காதவர் என்றும் இருந்தது. அவள் அதை இரண்டு தடவை படித்தாள். முந்தானையால் அட்டையின் தூசியைத் துடைத்தாள், தூசி இல்லை.

"எங்கம்மா பேரை இவ்வளவு பெரிய எழுத்துல நான் எங்கேயும் பார்த்ததில்ல" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இருந்தாலும் வீட்டுக்கு வாங்க, உங்களுக்கு இருக்கு" என்றாள்.

பொறுப்பாளர் பயிற்சியாளர் பக்கம் திரும்பினார். இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று ஆனபிறகு மனிதனுக்கு ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இவள் மனைவி, அவன் மைத்துனன், அவர் எதிர்க்கடை, இவர் தபால்காரர், பெட்டிக்குள் ஒன்றுமே இல்லை.

"நாலு பேரும் என் ஆளுங்கதான், மேடம். தப்புப் பண்ணிட்டேன். ஆனா அந்த செக் சட்டை சார் மட்டும் நிஜம். அவர் யாருன்னே எனக்குத் தெரியாது. தானா வந்தார். இந்த மாதிரி இடத்தைப் பார்க்க நிஜமாவே ஒரு மனுஷன் வரார், மேடம். அவருக்காகவாவது இந்தக் கதவு திறந்திருக்கணும்."

பயிற்சியாளருக்குத் திடீரென்று இருமல் வந்தது. மைத்துனன் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். செக் சட்டைக்காரர் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு டெலிபோன் பலகையின் துளைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சவங்களைக் கூட்டிட்டு வந்து பார்வையாளர்னு நிறுத்துறது ரொம்பத் தப்பு" என்றார் பயிற்சியாளர், டம்ளரைப் பார்த்தபடியே.

"தப்புதான், மேடம்."

"யாருமே செய்யக் கூடாது."

"இனிமே செய்ய மாட்டேன், மேடம்."

'யாருமே' என்று சொல்லும்போது அந்தக் கண்டிப்பான குரல் ஏனோ இறங்கிப்போயிருந்தது. அவர் ஃபைலைத் திறந்தார். மருத்துவச்சி சங்கதி உண்மையா என்று கேட்டார். அந்தத் தராசில் எடை போட்ட குழந்தைகளில் தானும் ஒருவன் என்றும், தன் அம்மாவுக்காகவும் மருத்துவச்சி அப்படி விரலை வைத்து அழுத்தியதாகவும் பொறுப்பாளர் சொன்னார். பயிற்சியாளர் தலையை அசைத்தார். பிறகு 'தேர்ச்சி' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தாளைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வேகமாகப் போய் வேனில் ஏறிவிட்டார்.

தபால்காரர் சந்தோஷத்தில் காலிப் பெட்டியைத் தட்டித் தாளம் போட்டார். உண்மையைச் சொன்னதற்குக் கடவுள் கொடுத்த பரிசு இது என்று தையல்காரர் தீர்ப்புச் சொன்னார். மனைவி மெஷினின் பக்கத்திலேயே நின்றாள். எண்ணெய் போட வேண்டும், நாளைக்கு வருகிறேன் என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்.

பொறுப்பாளர் வாசலுக்கு ஓடினார். செக் சட்டைக்காரர் துணிப்பையோடு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். பொறுப்பாளர் எட்டிப்போய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

"எங்க மியூசியத்தைக் காப்பாத்தினது நீங்கதான் சார். உங்களைக் கடவுள்தான் அனுப்பியிருக்கணும்."

அவர் தெருக்கோடியில் திரும்பிக்கொண்டிருந்த அலுவலக வேனை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"கடவுள் இல்லைங்க, என் வீட்டுக்காரி, ஆள் இல்லாம யாரும் ஃபெயிலாகிடக் கூடாதுன்னு அவ ஃபைலோட வேன்ல வர்றதுக்கு முன்னாடியே நான் பஸ்ல வந்து நின்னுடுறேன், இந்த வாரத்துல இது எனக்கு ஏழாவது மியூசியம்."